மாமா ராத்திரி மாத்திரையைச் சாப்பிடுவதில்லை, டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். என் மாமனாருக்கு 71 வயது, எடை 58 கிலோ, இன்னமும் வயலுக்குப் போய் வருகிறவர். மூன்று மாதம் முன்பு படபடப்பு என்று கூட்டிப்போனோம். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். எக்கோவில் வால்வெல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு, ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் 5 மி.கி. காலை ஒன்று, ராத்திரி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அதிலிருந்து பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, கையில் அங்கங்கே கன்றிப்போய் கருநீலமாக இருக்கிறது. போன மாதம் களைக்கொத்து காலில் பட்டு, ரத்தம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் "அது எலி மருந்து, ரத்தத்தைத் தண்ணியாக்கிடும்" என்று சொன்னதும் மாமா பயந்துவிட்டார். ஐந்து நாளில் தீர வேண்டிய அட்டை இப்போது பத்து நாள் வருகிறது. ராத்திரி மாத்திரையை அவர் சாப்பிடுவதே இல்லை. டாக்டர் கேட்டால் "ஒழுங்கா சாப்பிடுறேன்" என்கிறார். நான் வாயைத் திறந்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். டாக்டருக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நேரம் இல்லை. முட்டி வலிக்கு மாமாவே மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கீரையை வீட்டில் அடியோடு நிறுத்திவிட்டோம். இந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா? இல்லையென்றால் டாக்டரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, அட்டையை எண்ணிப் பார்த்தீர்களே, அது பெரிய காரியம். உங்கள் மாமாவின் ஃபைலில் இருக்கும் எல்லா ரிப்போர்ட்டையும்விட அந்த அட்டைதான் அவருடைய டாக்டருக்கு இப்போது முக்கியமான தகவல், அது அவருக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஒன்று, அவர் ஏற்கெனவே பாதி நிறுத்திவிட்டார். அபிக்சபான் உடம்பில் வெகுநேரம் தங்காது, சுமார் 12 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும், அதனால்தான் இரண்டு வேளை எழுதுகிறோம். காலையில் மட்டும் சாப்பிட்டால் ராத்திரி போய் விடியும் நேரத்தில் காவல் ரொம்பவே குறைந்துவிடும். ரத்தம் கசியும் தொந்தரவையும் பட்டுக்கொண்டு, அதற்கான பலனையும் முழுசாகப் பெறாமல் இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த மாத்திரை எதற்கு என்று அவருக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா என்று தெரியவில்லை. படபடப்புக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். படபடப்பு குறைந்துவிட்டது, அப்புறம் எதற்கு இது என்று தோன்றும், அது இயல்புதான். விவசாயி அவர், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பாசி பிடிக்காது, ஒரு திருப்பத்தில் மூலையில் தேங்கி நின்றால்தான் பிடிக்கும். இதயத்தின் இடது மேலறையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பை இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கி, கட்டி பிடிக்கிறது. அந்தக் கட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு கிளம்பினால் பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும். இந்தத் துடிப்புக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு இல்லாதவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். அப்படி வரும் பக்கவாதம் மற்ற காரணங்களால் வருவதைவிடக் கடுமையாகவும் இருக்கும். உறையாமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த ஆபத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. உங்கள் மாமாவுக்கு வயதும் 65-ஐத் தாண்டிவிட்டது, பிரஷரும் இருக்கிறது. இரண்டுமே ஆபத்தைக் கூட்டுகிற கணக்கில் வருபவை. டாக்டர் சும்மா எழுதவில்லை.

சரி, எலி மருந்து. பக்கத்து வீட்டுக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, வேறொரு மருந்தின் கதையை இதன் தலையில் கட்டிவிட்டார். 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தை ஒரு பால் கேனில் ஊற்றி எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, 1950-களில் மனிதர்களுக்கும் மருந்தானது. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள். எலிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் அளவில் இருக்கிறது, அந்த அளவைப் பார்க்கத்தான் வார்ஃபரினோ, அதே குடும்பத்து மருந்தான அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் எடுக்கிறோம். உங்கள் மாமா சாப்பிடும் அபிக்சபான் அந்தக் குடும்பமே இல்லை. அது வைட்டமின் கே வழியாக வேலை செய்வதில்லை, அதனால் நீங்கள் கீரையை நிறுத்தியதற்குத் தேவையே இல்லை. முருங்கைக்கீரையை நாளைக்கே சமையுங்கள், பாவம் அந்த மனிதர்.

ரத்தம் தண்ணியாகும் என்பதும் அப்படித்தான். பிளட் தின்னர் என்ற பேரே அந்த எண்ணத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. ரத்தம் அதே கெட்டியில்தான் இருக்கும், அது உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடும்.

அதனால்தான் காலில் பட்ட காயம் அவ்வளவு நேரம் எடுத்தது. இனி அப்படி ஆனால் சுத்தமான துணியை மடித்து வைத்து 10, 15 நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒருதரம் தூக்கித் தூக்கிப் பார்த்தால் எந்த ரத்தமும் நிற்காது, மாத்திரை சாப்பிடாதவருக்கும் நிற்காது. ஈறில் வருவதற்கு மெத்தென்ற பிரஷ், அப்புறம் ஒருமுறை பல் டாக்டர். ஈறில் காரை படிந்து வீங்கியிருந்தாலே ரத்தம் வரும், மாத்திரை அதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். கையில் கன்றிய தடம் காசு அளவில் வந்து மறைந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, உள்ளங்கை அகலத்துக்கு வந்தாலோ, எங்கேயும் இடிக்காமல் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீர் என்றது கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த முட்டி வலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை எதுவாக இருந்தாலும், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு நன்றாகவே கூடிவிடும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஈறிலும் கையிலும் வருகிற ரத்தத்துக்கே அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாமா தப்பான மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், சகோதரி. விட வேண்டியது மெடிக்கலில் கேட்டு வாங்குவதை. வலி தாங்கவில்லை என்று போனால் இடுப்பில் ஒரு ஊசி போட்டுவிடும் பழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. இந்த மருந்து சாப்பிடுகிறவருக்குச் சதையில் ஊசி போட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், அதனால் எங்கே போனாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேர் இல்லாமல் விற்கும் மூட்டு வலிப் பொடிகளும் வேண்டாம். சிலவற்றில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும்.

இப்போது டாக்டரிடம் பேசும் விஷயம். அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பிராக்டிஸ் ஆரம்பித்த காலத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வருவார், இதே துடிப்புக் கோளாறு, அப்போது அசிட்ரோம்தான் கொடுப்போம். ஒருநாள் அவராகவே "நாலு நாள் விட்டுட்டேன் சார்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், எனக்கு எரிச்சல், "சாகணும்னா சாப்பிடாதீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் மாத்திரை விட்டதாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனைக்கும் வருவதில்லை, அவர் மனைவிதான் வந்து சீட்டு எழுதி வாங்கிப் போவார், "நல்லா சாப்பிடுறார்" என்பார். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு விடியற்காலை வலது கை, கால் விழுந்து, பேச்சு போய்க் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா ஒரு மஞ்சள் பையைக் கட்டில்மேல் கவிழ்த்தார், அத்தனையும் பிரிக்காத அட்டை. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், வாங்காவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று. அவர் மாத்திரைக்குப் பயந்ததைவிட எனக்குப் பயந்திருக்கிறார். அன்றிலிருந்து நான் "ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்று கேட்பதில்லை, "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு" என்று கேட்கிறேன். பத்தில் ஏழு பேர் ஒரு எண்ணைச் சொல்கிறார்கள்.

உங்கள் மாமா பொய் சொல்வதும் இந்த வகைப் பயம்தான் என்று நினைக்கிறேன். அதனால் டாக்டர் முன்னால் திடீரென்று நீங்கள் போட்டு உடைக்க வேண்டாம், மருமகள் தன்னை மாட்டிவிட்டாள் என்று அவர் மனதில் நின்றுவிட்டால் அடுத்த மாத்திரையை உங்களிடமிருந்தும் மறைப்பார். முதலில் வீட்டில், சாப்பிட்டு முடித்து அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, "மாமா, ராத்திரி மாத்திரை பயமா இருக்குன்னுதானே விடுறீங்க, நானும் பயந்துதான் இருந்தேன், அதையே டாக்டர்கிட்ட கேட்டுடுவோமே" என்று சொல்லிப் பாருங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். அவர் சம்மதித்தால் அவர் வாயாலேயே சொல்லட்டும். சம்மதிக்கவில்லை என்றால் உங்கள் கணவர் திருப்பூரிலிருந்தே அப்பாவிடம் ஒரு போன் பேசட்டும், மகன் சொல் சில இடத்தில் எடுபடும். அதுவும் நடக்கவில்லை என்றால் மட்டும், போவதற்கு முந்தின நாள் கிளினிக்குக்குப் போன் செய்து சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி, "டாக்டரே கேக்கற மாதிரி கேக்கட்டும்" என்று சொல்லி வையுங்கள். இப்படிப் போன் வந்தால் நாங்கள் சந்தோஷம்தான் படுவோம். உயிர் விஷயம், இதில் காட்டிக்கொடுத்தல் என்று ஒன்றும் இல்லை.

இரண்டு நிமிஷம்தான் என்றால் அந்த இரண்டு நிமிஷத்தின் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், ஒரு மாசமா ராத்திரி அபிக்சபான் சாப்பிடல, ரத்தம் வருதுன்னு பயம்." உட்கார்ந்தவுடன் இதைச் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்கள் வழக்கமாகப் பசி இல்லை, தூக்கம் இல்லை என்று ஆரம்பித்து, எழுந்து கதவைத் திறக்கும்போது "அப்புறம் சார்…" என்று முக்கியமான விஷயத்தை எடுப்பார்கள். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்திருப்பார்.

கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், மூன்று போதும். ஒன்று மாத்திரையின் அளவு. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 5 மி.கி.யை 2.5 ஆக்குவோம். உங்கள் மாமாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது, கிரியேட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது 1.5-ஐத் தொட்டிருந்தால் கணக்கே மாறிவிடும், வலி மாத்திரை வேறு சாப்பிட்டிருக்கிறார். அதனால் "எடை 58 கிலோ, கிட்னி டெஸ்ட் பாத்துடலாமா, இந்த அளவு சரிதானா" என்று கேளுங்கள், கூடவே ரத்த அளவு குறைந்திருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. என்னிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஃபைலைத் திரும்பப் பார்ப்பேன். இரண்டாவது, முட்டி வலிக்கு என்ன சாப்பிடலாம். பெரும்பாலும் அளவான பாராசிட்டமால், மேலே தடவ ஏதாவது, தொடைத் தசைக்குப் பயிற்சி என்றுதான் வரும். மூன்றாவது, இரண்டு வேளை முடியவில்லை என்றால் ஒரு வேளை மருந்து உண்டா என்பது. ரிவராக்சபான் என்று ஒன்று இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்று, ஆனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மாற்றுவதா வேண்டாமா என்பது கிட்னியையும் மற்றதையும் பார்த்து அவர் முடிவு செய்ய வேண்டியது.

"இதுக்குப் பதிலா ஆஸ்பிரின் குடுங்க, அது லேசான மாத்திரை" என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தத் துடிப்புக் கோளாறுக்கு ஆஸ்பிரின் போதாது. 2011-ல் அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது, பெரிய ரத்தக்கசிவோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற பயமும் வயதானவர்களுக்கு உண்டு. வார்ஃபரின் காலத்திலேயே, 1999-ல், கனடாவில் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: அந்த மருந்தால் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று ஆக வேண்டுமானால் ஒருவர் வருஷத்துக்கு சுமார் 295 தடவை விழ வேண்டும். அதற்காக விழலாம் என்று இல்லை, குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத பாய், ராத்திரி ஒரு சின்ன விளக்கு வைத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு வால்வு வைத்தவர்களும், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்களும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரினில் இருப்பீர்கள், இதைப் பார்த்துவிட்டு அபிக்சபானுக்கு மாற நினைக்க வேண்டாம். வால்வு சுருங்கித் துடிப்பும் கெட்டவர்களிடம் ரிவராக்சபானை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது, பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. நீங்களும் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரம் இவ்வளவு என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று இருந்தால்தான் ஐ.என்.ஆர். ஆட்டம் போடும். எந்த டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினாலும், டி.பி. மருந்து எழுதினாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பல் பிடுங்குவது என்றாலும் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சகோதரி, எதற்காகவும் காத்திருக்கக் கூடாத சில நேரங்கள் உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, சிறுநீர் சிவப்பாகப் போவது, அழுத்தியும் நிற்காத ரத்தம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி. தலையில் அடிபட்டால் அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள், உள்ளே கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். அதேபோல வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறுதல், இது பக்கவாதத்தின் அடையாளம், உடனே 108. போகிற இடத்தில் முதல் வார்த்தையாக மாத்திரையின் பேரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் அவர்கள் சிகிச்சையை முடிவு செய்வார்கள். ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள், வயலில் தனியாக இருக்கிறவர்.

அடுத்த செக்கப் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். நான் அவரைப் பரிசோதிக்கவில்லை, ஆனால் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்று ராத்திரியிலிருந்தே அவர் டாக்டர் எழுதிய மாத்திரையை, எழுதிய அளவில் சாப்பிடட்டும். விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. என்றைக்காவது மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் ஒன்றைப் போட்டுவிட்டு, மறுவேளையிலிருந்து வழக்கம்போல. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், பாதி தீர்ந்ததையும் சேர்த்து ஒரு பையில் எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். மெடிக்கலில் வாங்கிய அந்த முட்டி வலி மாத்திரை அட்டை, மாமா அதை எங்கே வைத்திருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.